மெத்தையும் கேட்கிறோம், கணக்கும் கேட்கிறோம்: வெம்பிளி ஜூடோப் பிள்ளைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

வெம்பிளியிலும் ஆல்பர்ட்டன், சட்பரி, ஹாரோ பக்கங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரும், ஜூடோ பயிலும் பிள்ளைகளும், அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போரும் பகிரங்கமாக முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. பிரென்ட் கவுன்சில், பிரித்தானிய ஜூடோ சங்கம், உயர்நிலை விளையாட்டுக்கு அரசுப் பணத்தையும் லாட்டரிப் பணத்தையும் பங்கிடும் யூகே ஸ்போர்ட் ஆகிய மூன்றுக்கும் இதை எழுதுகிறோம். நமது தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கும், கோயில் பரிபாலன சபைகளுக்கும், எங்கள் சொந்த வீட்டாருக்கும் சொல்ல வேண்டியவையும் இதில் உண்டு.

லண்டனுக்கு ஜூடோ புதிய விருந்தாளி இல்லை. குஞ்சி கொய்சுமி என்ற ஜப்பானியர் இங்கே புடோக்வாய் கழகத்தைத் தொடங்கியது 1918-இல். பிரித்தானிய ஜூடோ சங்கம் 1948 ஜூலை 24 அன்று உருவானது. நான்கு நாள் கழித்து, ஜூலை 28 அன்று, ஐரோப்பிய ஜூடோ ஒன்றியமும் இதே நகரில் பிறந்தது. அதற்கு மறுநாள்தான் வெம்பிளி அரங்கில் 1948 ஒலிம்பிக் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் ஹாக்கி அணி பிரித்தானியாவை 4-0 என்று வென்று முதல் தங்கத்தை வாங்கியதும் இந்த வெம்பிளியில்தான், அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று. நம்மவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை அது. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் ஜூடோ இல்லை. ஆண்களுக்கு 1964 டோக்கியோவில் இடம் கிடைத்தது. பெண்கள் பதக்கத்துக்காக மோத 1992 பார்சலோனா வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980-இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது பெண்கள் உலகப் போட்டியில் பிரித்தானியாவின் ஜேன் பிரிட்ஜ் தங்கம் வென்றார். மறுவருடம் நீல் அடம்ஸ் உலகச் சாம்பியன் ஆனார். 2012-இல் லண்டனின் எக்செல் மண்டபத்தில் ஜெம்மா கிப்பன்ஸ் வெள்ளியும், கரீனா பிரையன்ட் வெண்கலமும் பெற்றார்கள். இத்தனை இருந்தும் ஒலிம்பிக் ஜூடோவில் இந்த நாடு ஒரு தங்கத்தைக்கூடத் தொட்டதில்லை. திறமை இல்லாமல் இப்படி ஆகவில்லை. பிள்ளையைப் பாதி வழியில் கைவிடும் ஏற்பாடுதான் காரணம் என்பது எங்கள் முடிவு. இந்தச் சாசனம் முழுவதும் அந்தப் பாதி வழியைப் பற்றியது.

ஒரு சர்வதேச ஜூடோ வீரரின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பலருக்குத் தெரியாது. ஏழெட்டு வயதில் வெள்ளைப் பட்டி கட்டும் பிள்ளை முதலில் படிப்பது விழுவதை: நாடியை நெஞ்சோடு சேர்த்து, உள்ளங்கையால் மெத்தையை அறைந்து, தலை தரையில் படாமல் விழ வேண்டும். மாதக்கணக்கில் அதுவே பாடம். பிறகு 18 வயதுக்குட்பட்ட கேடட், 21 வயதுக்குட்பட்ட ஜூனியர், அதைத் தாண்டினால் சீனியர். அங்கே உலகத் தரவரிசை என்ற பெரிய ஓட்டம் தொடங்குகிறது. கிராண்ட் ப்ரீ போட்டியில் வென்றால் 700 புள்ளி, கிராண்ட் ஸ்லாம் வென்றால் 1000, உலகச் சாம்பியனுக்கு 2000. புள்ளி கிடைக்கும் ஊர்கள் பாரிஸ், திபிலிசி, தாஷ்கெண்ட், அபுதாபி, டோக்கியோ. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஜூடோவுக்கு மொத்தம் 372 இடங்கள். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் தரவரிசையின் முதல் 17 பேருக்கு நேரடி நுழைவு, அதிலும் ஒரு நாட்டுக்கு ஒருவர் மட்டும். அப்படி அலைந்து பாரிஸ் போய்ச் சேர்ந்த ஒரே இந்திய ஜூடோ வீராங்கனை துலிகா மான். 2012 லண்டன் தங்கத்தை வென்ற கியூபாவின் இடாலிஸ் ஒர்டிஸிடம் அவர் தோற்றபோது ஆட்டம் 28 வினாடிதான் ஓடியிருந்தது. அந்த 28 வினாடிக்காகச் செலவான வருடங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நாங்கள் இங்கேயும் கேட்கிறோம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. வடமேற்கு லண்டனில் வளர்ந்த ஆஷ்லி மெக்கென்சிக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறு இருந்ததையும், பள்ளிக்கூடங்கள் அவரை வெளியேற்றியதையும் அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பதினொரு வயதில், தன் போக்கிமான் அட்டையை எடுத்துக்கொண்ட பையனோடு சண்டைக்குப் போனார். அந்தப் பையன் இவரைத் தூக்கி எறிந்துவிட்டான். இவன் இதை எங்கே படித்தான் என்று தேடிப் போய்ச் சேர்ந்த இடம் ஜூடோ வகுப்பு. அவர் பயின்ற கில்பர்ன் பக்கத்து மோபர்லி மையம், வெம்பிளி சென்ட்ரலில் பேக்கர்லூ ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம். 2012 லண்டன், 2016 ரியோ, டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக்கிலும் 60 கிலோப் பிரிவில் அவர் இறங்கினார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம், 2022 பர்மிங்காமில் மீண்டும் தங்கம். இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடம். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டியில் ஜூடோவையே சேர்க்கவில்லை. 25 வயதில் வென்றவருக்கு அடுத்த வாய்ப்பு 33 வயதில்! உடம்பே மூலதனமான தொழிலில் எட்டு வருடம் என்பது பாதி ஆயுள். அந்த இடைவெளியில் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. பள்ளிக்கூடம் கைவிட்ட ஒரு பிள்ளையை ஒரு ஜூடோ வகுப்பின் மெத்தை மீட்டிருக்கிறது என்பதையும் கவுன்சில் கவனிக்க வேண்டும்.

பிரென்ட் கவுன்சிலுக்கு

எங்கள் முதற் கோரிக்கை நிரந்தர மெத்தை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு ஜூடோ மெத்தை இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். எட்டுக்கு எட்டு மீட்டர் ஆட்டக்களத்துக்கு 32 மெத்தை வேண்டும். சர்வதேச விதிப்படி சுற்றிலும் மூன்று மீட்டர் பாதுகாப்பு இடமும் விட்டால் 98. வாடகை மண்டபத்தில் வகுப்பு என்றால் இத்தனையையும் களஞ்சிய அறையிலிருந்து தூக்கி வந்து, விளிம்போடு விளிம்பு நெருக்கி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். இடைவெளியில் கால்விரல் சிக்கினால் முழங்கால் திரும்பிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மண்டபம் எடுத்தால் அடுக்கவும் அகற்றவும் அதில் பெரும்பங்கு போகிறது. தள்ளுவண்டியில் பத்துப் பத்தாக ஏற்றித் தள்ளும் தகப்பன்மார் வேலைக்களை தீராமல் வந்தவர்கள். அடுத்த குழுவினர் பட்மின்டன் மட்டையோடு வாசலில் நிற்க, பிள்ளைகள் வியர்வை காயுமுன் மெத்தையைச் சுமக்கிறார்கள். இப்படித்தான் ஒரு ஒலிம்பிக் விளையாட்டு இந்த நகரில் நடக்கிறது.

வெம்பிளி பார்க்கில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்துவிட்டன, இன்னும் எழுகின்றன. புதுக் கட்டடங்களிடமிருந்து கவுன்சில் சமூக உட்கட்டமைப்பு வரி வாங்குகிறது. அதில் குறைந்தது 15 சதவீதம் அந்தந்த அக்கம்பக்கத்தின் தேவைக்கு, அங்குள்ள மக்களைக் கேட்டுச் செலவழிக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்தப் பங்கிலிருந்து, வெம்பிளியில் மெத்தை விரித்தபடியே இருக்கும் ஒரு அறையைக் கேட்கிறோம். ஜூடோவுக்கு மட்டும் பூட்டி வைக்க வேண்டியதில்லை. மல்யுத்தம், ஜியு ஜிட்சு, முதியோருக்கு விழாமல் நடக்கவும் விழுந்தால் அடிபடாமல் விழவும் சொல்லித்தரும் வகுப்பு எல்லாம் அங்கே நடக்கலாம்.

வாய்வார்த்தையாக வாங்கும் உறுதி எங்களுக்குப் போதாது. ஸ்டோன்பிரிட்ஜில் 1980-களில் கறுப்பின இளைஞர்கள் முன்னின்று ஒரு பழைய பஸ் டிப்போவை பிரிட்ஜ் பார்க் சமூக மையமாக மாற்றினார்கள். அந்த நிலத்தில் சமூகத்துக்கு உரிமை உண்டா என்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2020-இல் கவுன்சில் பக்கம் தீர்ப்பானது. அந்த மக்கள் உழைத்துக் கட்டியதை நாங்கள் மதிக்கிறோம், அவர்கள் பட்டதிலிருந்து பாடமும் படித்திருக்கிறோம். ஆகவே அறை எங்கே, எத்தனை வருடத்துக்கு, என்ன வாடகைக்கு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும்.

யூகே ஸ்போர்ட்டுக்கும் ஜூடோ சங்கத்துக்கும்

1997-இலிருந்து லாட்டரிப் பணம் உயர்நிலை வீரர்களுக்குப் போகிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணம் பதக்க மேடைக்குக் கிட்டப் போய்விட்டவர்களைத்தான் தேடி வருகிறது. 14 வயதுக்கும் 21 வயதுக்கும் நடுவில் செலவு பெரும்பாலும் வீட்டின் தலையில். சர்வதேசப் போட்டிக்கு வெள்ளையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு ஜூடோ உடை வேண்டும், இரண்டிலும் சர்வதேச சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை வேண்டும். கைநீளம் ஒரு விரல் குறைந்தாலும் அளவு பார்க்கிற இடத்தில் திருப்பி அனுப்புவார்கள். வளரும் பிள்ளைக்கு எத்தனை உடை வாங்குவது? விமானச் சீட்டு, தங்குமிடம், பயிற்சி முகாம், பிசியோ என்று கணக்கு நீளும். இரண்டு வேலை பார்க்கும் தகப்பனும் இரவு வேலைக்குப் போகும் தாயும் இதைச் சமாளிக்க முடியாமல், பிள்ளையிடம் சொல்லவும் முடியாமல், அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறார்கள். ஜூடோவில் அடுத்த வருடம் என்றால் அடுத்த வயதுப் பிரிவு.

இந்தியாவிலும் இதே கதைதான். மணிப்பூரின் சுஷீலா தேவி 2014 காமன்வெல்த் ஜூடோவில் வெள்ளி வென்றவர். 2018-இல் தொடைத்தசைக் காயம் வந்து ஆதரவு வற்றியபோது, போட்டிகளுக்குப் போகத் தன் காரை விற்றார். பிறகு டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போனார், 2022 பர்மிங்காமில் இன்னொரு வெள்ளியும் கொண்டுவந்தார். அவருடைய மனத்திடத்தைப் புகழ எங்களுக்கு வார்த்தை போதாது. ஆனால் ஒரு பதக்க வீராங்கனை காரை விற்க வேண்டி வந்ததைச் சாதனைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வழக்கம் நிற்க வேண்டும். அது நிர்வாகத்தின் தோல்வி.

ஆகவே, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 14 வயதிலிருந்து பயணத்துக்கும் உடைக்கும் நேரடி உதவித்தொகை வேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எந்த வட்டாரத்தவர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தேசிய பயிற்சி மையம் வால்சாலில் இருக்கிறது, இங்கிருந்து நூறு மைலுக்கு மேல். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு அங்கே போனால்தான் எதிர்காலம் என்றால், அனுப்பத் துணியாத வீடுகளில் எங்கள் சமூகத்து வீடுகளே அதிகம் இருக்கும், அதிலும் பெண்பிள்ளைகளின் வீடுகள். வாரத்தில் சில நாட்களாவது லண்டனிலேயே தேசியத் தரத்துப் பயிற்சி நடக்க வேண்டும்.

கண்பார்வை குறைந்த பிள்ளைகளையும் இதே கோரிக்கையில் சேர்க்கிறோம். அவர்களின் ஜூடோவில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடியே ஆட்டம் தொடங்கும், மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கிறிஸ் ஸ்கெல்லி டோக்கியோ பாராலிம்பிக்கில் இந்த நாட்டுக்குத் தங்கம் வென்றார். 2024 பாரிஸில் கபில் பர்மார் வென்ற வெண்கலம் இந்தியாவுக்கு ஜூடோவில் முதல் பாராலிம்பிக் பதக்கம். உள்ளூர் வகுப்புகளில் இந்தப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

உடம்பு

இங்கே நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். எடை குறைக்கும் வழக்கம் ஜூடோவின் பழைய நோய். 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு, தென்கொரிய வீரர் சுங் சே-ஹூன் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார். வயது 22. இன்றும் போட்டிக்கு முதல்நாள் பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடுவதும், தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவதும், தராசில் ஏறுமுன் காலுறையைக் கழற்றிப் பார்ப்பதும் ஜூடோக்காரர் எல்லோருக்கும் தெரிந்த காட்சிகள். 16 வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளையையும் எடை குறைக்கச் சொல்லக்கூடாது. சொல்லும் பயிற்சியாளரின் உரிமம் நிறுத்தப்பட வேண்டும். பிள்ளை வளர்ந்தால் மேல் எடைப் பிரிவுக்குப் போகட்டும், அதுதான் இயற்கை.

ஜூடோ பிறந்த ஜப்பானே இதில் மனம் மாறியிருக்கிறது. 1983 முதல் 2011 வரை அங்கே பள்ளி ஜூடோவில் 118 பிள்ளைகள் இறந்ததை ஆய்வாளர் ரியோ உச்சிதா தொகுத்து வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. பிறகு 2022-இல், தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசிய தனிநபர் போட்டியையே ஜப்பானிய ஜூடோ சம்மேளனம் நிறுத்தியது. வெற்றி வெறியில் பெரியவர்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று அது காரணம் சொன்னது. அந்த நேர்மை இங்கேயும் வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை 21 நாளுக்கு முன் போட்டியில் இறங்கக்கூடாது என்று 2023-இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் ஒவ்வொரு வகுப்பின் சுவரிலும் தமிழிலும் குஜராத்தியிலும் சோமாலியிலும் ஒட்டப்பட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இலிருந்து விளையாட்டுப் பயிற்சியாளரும் நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளவராகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார். தன் பொறுப்பில் உள்ள 16, 17 வயதுப் பிள்ளையோடு பாலுறவு கொண்டால் அது குற்றம். இதையும் பெற்றோருக்கு அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். முறைப்பாடு செய்தால் சங்கத்துக்கு வெளியே ஒருவர் விசாரிக்க வேண்டும். 2017-இல் டானி கிரே-தாம்ப்சன் அம்மையார் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, விளையாட்டுக்கென்று ஒரு சுயாதீனக் குறைதீர்ப்பாளரைப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை நிறைவேற்றுங்கள் என்கிறோம்.

ஆட்டம் முடிந்த பிறகு

சைக்கிள் வீராங்கனை ஜெஸ் வார்னிஷ் தொடுத்த வழக்கு எல்லா வீரர்களுக்கும் பொருந்தும். தேசிய திட்டத்தின் கீழ் பயிற்சி பெற்ற அவர், தன்னை ஊழியராக ஏற்க வேண்டும் என்று தீர்ப்பாயத்தில் கேட்டார். 2019-இல் அது மறுக்கப்பட்டது, 2020-இல் மேன்முறையீடும் தோற்றது. பொருள் இதுதான்: பத்து வருடம் நாட்டின் பெயரை முதுகில் சுமந்தாலும் வேலைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது, ஓய்வூதியம் சேராது. முழங்கால் கிழிந்த அன்று எல்லாம் முடிந்துபோகலாம். பிரான்சில் காவல்துறை, ராணுவம் போன்றவை உயர்நிலை வீரர்களைச் சம்பளத்துக்கு எடுத்துப் பயிற்சிக்கும் நேரம் விடுகின்றன. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இங்கே கவுன்சில், மருத்துவமனை, போக்குவரத்துத் துறை எல்லாம் பகுதிநேர வேலை தரலாமே. தேசிய அணியில் இருந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓய்வூதியப் பங்கு வேண்டும். அணியிலிருந்து விடுவிக்கப்படும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் மருத்துவமும் படிப்புதவியும் தொடர வேண்டும்.

நமது ஆட்களுக்கு

கொசோவோவைப் பாருங்கள். 1999 போருக்குப் பின் பெயா என்ற சின்ன நகரில் டிரிட்டன் குகா என்ற பயிற்சியாளர் பிள்ளைகளைச் சேர்த்து ஜூடோ சொல்லிக்கொடுத்தார். போரினால் தன் ஒலிம்பிக் கனவை இழந்தவர் அவர். அவருடைய மாணவி மய்லிண்டா கெல்மெண்டி 2012-இல் லண்டனுக்கு வந்தபோது சொந்தக் கொடி இல்லாமல் அல்பேனியாவின் பெயரில் ஆட வேண்டியிருந்தது. 2016 ரியோவில் கொசோவோவின் பெயரிலேயே தங்கம் வென்றார், அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. டோக்கியோவில் மேலும் இரண்டு தங்கம், டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சியும் நோரா ஜகோவாவும் வென்றவை. பாரிஸில் வெள்ளியும் வெண்கலமும். போர் தின்ற ஊர்களிலிருந்து வந்த எங்களுக்கு இதைவிட விளக்கம் தேவையா?

எங்கள் வீடுகளில் ஜூடோ என்றால் பெரியவர்களுக்கு நினைவு வருவது ஸ்டண்ட் மாஸ்டர் ஜூடோ ரத்தினம். சினிமாச் சண்டைக்குப் பெயர் வாங்கித் தந்த மனிதர், 2023-இல் காலமானார், அவருக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் பயில்வதோ விதிகளும் வணக்கமும் நிறைந்த விளையாட்டு. இதில் குத்தும் உதையும் கிடையாது. "பொம்பிளைப் பிள்ளையை இப்படிக் கட்டிப் புரள விடுறதோ" என்று கேட்கும் உறவுக்காரருக்கு ஒரே பதில்: கையைப் பிடிப்பவனிடமிருந்து கையை மீட்கத் தெரிந்த பெண் அவள்.

தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளே, சனிக்கிழமைப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு வரவுப் பதிவில் தண்டனை வேண்டாம், தவறிய பாடத்தை ஞாயிறு இணையவழியில் தாருங்கள். கோயில் சபைகளே, உங்கள் மண்டபங்கள் வாரநாட்களில் மாலையில் வெறுமையாகக் கிடக்கும் நேரம் உண்டு, அதில் ஒரு மாலையைத் தாருங்கள். பெற்றோரே, அரங்கேற்றத்துக்கு மண்டபமும் நகையும் பக்கவாத்தியமுமாக ஆயிரக்கணக்கில் பவுண் செலவழிக்கிறோம். அது பிழை என்று சொல்லவில்லை, பரதம் ஆடும் பிள்ளையும் எங்கள் பிள்ளைதான். ஜூடோவுக்குப் போகும் பிள்ளையின் விமானச் சீட்டுக்கு மட்டும் "இதெல்லாம் என்னத்துக்கு" என்று கேட்காதீர்கள். தோடு, மூக்குத்தி, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி அனுப்புங்கள், நகத்தை வெட்டி விடுங்கள். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் பிள்ளை என்றால் பயிற்சியாளரிடம் முதலே சொல்லுங்கள்.

இந்தச் சாசனத்தில் உடன்படுவோர் கையெழுத்திடுங்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலரை நேரில் பாருங்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியானாலும், இதைக் கேளுங்கள்: வெம்பிளியில் நிரந்தர ஜூடோ மெத்தை எந்தக் கட்டடத்தில், எந்த ஆண்டில்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.